மலை வாங்கிக்கொண்டதா

சாமிக்குக் கொடுத்த வாக்கை என் அப்பா ஒருநாளும் மீறியதில்லை. டாக்டருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் அவர் ஆஸ்பத்திரி கார் பார்க்கைத் தாண்டி எடுத்து வந்ததே இல்லை.

தைப்பூசம் என்றால் நாற்பத்தெட்டு நாள் விரதம். அந்த நாற்பத்தெட்டு நாளும் சிகரெட்டைத் தொடமாட்டார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர் அவர். துறைமுக வாசலில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். முன்வண்டிக்காரரும் பின்வண்டிக்காரரும் புகைத்துத் தள்ளுவார்கள். அப்பா வாயில் ஓர் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, தவத்தில் இருப்பவர் மாதிரி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு பத்துமலையில் பால்குடத்தைச் செலுத்திவிட்டு இறங்கி வருவார். கடைசிப் படியில் கால் பட்டதும் என் பக்கம் கை நீளும். சிகரெட் டப்பாவை வைத்துக்கொண்டு கீழே நிற்பது எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த திருப்பணி.

டப்பா என்றால் உண்மையிலேயே டப்பாதான். நம் நாட்டு சிகரெட் பெட்டிகளில் அழுகிய பாதம், ஓட்டை விழுந்த தொண்டை என்று படம் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் புகையின் ருசி கெட்டுவிடுகிறது என்பது அப்பாவின் குறை. எனவே கடை வாசலிலேயே சிகரெட்டுகளைப் பழைய இருமல் மிட்டாய்த் தகர டப்பா ஒன்றுக்கு மாற்றிவிட்டு, பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார். அரசாங்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அவர் பார்க்க வேண்டாததைப் பார்க்கவில்லை. இருவருக்கும் சண்டையில்லை.

போன வருடம் செமினிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒரு சிகரெட் பிடித்தாலும் தன்னை வந்து பார்க்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "ஓகே டாக்டர்" என்றார் அப்பா. கார் பார்க்கில் நான் சீட்டுக் கட்டணம் கட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்து வெளியே வந்தவன் நான். மேரு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். எந்த ஆபத்தையும் நான் பாரம், அதாவது படிவம், எழுதித்தான் சந்திப்பேன். விளைவு எவ்வளவு கடுமை என்று ஒரு எண், நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண், இரண்டையும் பெருக்கினால் வருவது சிவப்பா மஞ்சளா பச்சையா என்று தெரிந்துவிடும். அப்பாவின் சிகரெட்டுக்கும் ஒரு பாரம் தயாரித்தேன். எல்லாக் கட்டமும் சிவப்பு. லேமினேட் செய்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "நல்லா லேமினேட் பண்ணிருக்கே. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அடுத்த வாரம் அது சாப்பாட்டு மேசையில் ரசச் சட்டிக்கு அடியில் இருந்தது.

அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். அவர் விஷயத்தை வேறு பக்கமாகப் பார்த்தார். இந்த மனுஷனால் சிகரெட்டை விட முடியாது என்று யார் சொன்னது? வருஷா வருஷம் விடுகிறாரே. விரதத்துக்குக் கடைசி நாள் ஒன்று இருப்பதுதான் கோளாறு. கடைசி நாள் இல்லாத வாக்கு ஒன்றை இவரிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குக் காசிதான் இடம். காசிக்குப் போனவர்கள் ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவிட்டு வருவார்கள். செத்தாலும் திரும்பத் தொடமாட்டார்கள். எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே கத்தரிக்காய் விட்ட ஆன்டி ஒருவர் இருக்கிறார். கல்யாண வீட்டில் அவர் இலையில் மட்டும் சாம்பாரை வடிகட்டி ஊற்றுவார்கள்.

ஆனால் அப்பாவுக்கு லீவு ஐந்து நாள்தான் கிடைத்தது. காசிக்குப் போய்த் திரும்ப அது போதாது. அப்போதுதான் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் டிராவல்ஸ் நடத்தும் அண்ணன் ஒருவர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். அவர் கடைச் சுவரில் ஒரு போஸ்டர்: 'எரிமலை தரிசனம், வெண்மணல் ஓய்வு. ஐந்து நாள். சைவ உணவு.' கிழக்கு ஜாவாவில் புரோமோ என்று ஒரு எரிமலை. இன்றைக்கும் புகைந்துகொண்டிருக்கிறது. அடிவாரத்தில் இருக்கும் மலைமக்கள் நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவர்கள். தங்கள் காணிக்கையை எரிமலை வாய்க்குள் வீசுவார்கள். தரிசனம் முடிந்ததும் மலையிறங்கி இரண்டு நாள் கடற்கரை.

இதை விளக்கிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்ட அண்ணன், கங்கையில் விடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார்.

"தண்ணியில விட்டா எங்கயாவது போய்க் கரை ஒதுங்கும்மா. இது நெருப்பு. விட்டா விட்டதுதான். ரிட்டர்ன் கிடையாது."

ரிட்டர்ன் கிடையாது என்ற சொல்லில் அம்மா விழுந்துவிட்டார். அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கே அது ஆச்சரியம். எரிமலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. தவிர, தூணுக்குப் பின்னால் நின்று புகைப்பது அவருக்கே அலுத்திருக்கலாம். டப்பாவைத் தானே தன் கையால் வீசுவேன், யாரும் பிடுங்கக் கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டார். வீசிவிட்டால் அதோடு சரி. அம்மாவும் நானும் அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினோம். அவர் வாக்குக் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப் குழு தொடங்கியது. ஒவ்வொருவரும் எரிமலையில் எதை விடப் போகிறோம் என்று அறிவிக்க வேண்டுமாம். அம்பாங் ஆன்டி ஒருவர் புரோக்கோலியை விடுவதாக எழுதினார். அதற்கு இருபது கைதட்டல் வந்தது. செலாயாங் மொத்த மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்யும் அங்கிள் ஒருவர், தன் கடைக்கு வராத பழமாகத் தேடி, ஆப்பிரிகாட்டை விட்டார். இன்னொரு அங்கிள் கோபத்தை விடுவதாகச் சொன்னார். அன்று மாலையே விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டு அண்ணனைக் குழுவிலேயே திட்டினார். அம்மா பாகற்காயை விட்டார். எங்கள் வீட்டில் பாகற்காய் சமைத்து நான் பார்த்ததே இல்லை. நான் கந்தகப் புகை, முகக்கவசம், வழுக்காத காலணி ஆகியவற்றைப் பற்றி நீண்ட குறிப்பு ஒன்றை எழுதி அனுப்பினேன். அதற்கு ஒருவர் கும்பிடு போட்டிருந்தார்.

நிஜமாகவே ஒன்றை விடப் போனவர் அந்தக் குழுவில் அப்பா ஒருவர்தான்.

சுராபாயாவில் இறங்கி மினி பஸ்ஸில் ஏறியதுமே அம்மாவின் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை தெரிந்தது. ஒரு மனிதனைச் சிகரெட்டிலிருந்து மீட்பதற்கு, மலையும் மக்களும் சேர்ந்து புகைவிடும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். பஸ் ஓட்டுநர் புகைத்தார். சுமை தூக்கியவர் புகைத்தார். மேலே மலைக் கிராமத்தில் எங்களைச் சந்தித்த வழிகாட்டி, குளிருக்குச் சாரத்தைத் தோளில் முடிந்திருந்தவர், உதட்டில் கிராம்பு சிகரெட் வைத்தபடியே எங்களுக்கு வணக்கம் சொன்னார். அவருக்கும் அப்பாவுக்கும் உடனே ஒட்டிக்கொண்டது. அப்பாவின் கடைத்தெருப் பாசார் மலாயும் அவருடைய மொழியும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. மீதியைப் புகை பார்த்துக்கொண்டது. நாளைக்கு விடப்போகிறவர்தானே, இன்றைக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா பொறுத்துக்கொண்டார்.

காலையில் போனபோது கூட்டம் அள்ளியது. அந்த மலைமக்களின் வருடாந்திரப் பூசை அது. எங்களோடு வந்திருந்த அண்ணனுக்கே அது தெரியாது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் மைக்கைப் பிடித்து, "உங்களுக்காகத்தான் ஸ்பெஷலா இந்த டேட் பார்த்து எடுத்தேன்" என்றார். ஜீப்பில் சாம்பல் மணல்வெளியைக் கடந்தோம். கோயில் மலை என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டே படியேற வேண்டும் என்று அங்கிள்கள் முடிவு செய்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் ஐஸ் மாதிரி சில்லிட்ட மணலில் வெறுங்காலோடு குதித்துக் குதித்துப் போனோம். நான் எழுதி அனுப்பிய வழுக்காத காலணிகள் அத்தனையும் ஜீப்பில் வரிசையாக இருந்தன. படிகளைப் பார்த்ததும் செலாயாங் அங்கிள், "பத்துமலைய விட கம்மி லா" என்றார். மேலே போய்ச் சேரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்க வாங்க அந்த வாக்கியம் சுருங்கி, கடைசியில் "கம்மி" மட்டும் மிஞ்சியது.

எரிமலை வாயை முதன்முதலில் பார்த்தபோது எந்தப் பாரமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பூமியில் ஒரு பெரிய குழி. அடியில் எங்கிருந்தோ வெள்ளைப் புகை முடிவில்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் நூறு கண்டெய்னர் லோரிகள் இன்ஜினை அணைக்காமல் ஒன்றாக நிற்கும் சத்தம். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். வீட்டு வாசலில் நிற்பவர் போல நிதானமாக நின்றார்.

பிறகு என் தொழில் விழித்துக்கொண்டது. விளிம்பில் நிற்க ஒரு முழம் இடம். சில இடங்களில் தடுப்பே இல்லை. அதைவிடக் கொடுமை, விளிம்புக்குக் கீழே, குழியின் உள்சரிவிலேயே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பில் கயிறு கிடையாது, தலையில் ஹெல்மெட் கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் நீண்ட மூங்கில், அதன் நுனியில் வலை. மேலே இருந்து பக்தர்கள் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூங்கொத்து, உயிருள்ள கோழி என்று கண்மூடி வேண்டிக்கொண்டு வீசினார்கள். கீழே நின்றவர்கள் வலையை நீட்டி லாவகமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கோழி மட்டும் தானே பறந்து தப்பித்தது.

வழிகாட்டியிடம் விசாரித்தேன். வேறு கிராமத்து ஏழைகள் என்றார். மலைக்குக் கொடுத்தது வீணாகப் போகக் கூடாது, அவர்கள் எடுத்துக்கொள்வதில் மலைக்குக் கோபமில்லை, காலங்காலமாக இப்படித்தான் என்றார். இந்தத் தகவல் போஸ்டரில் இல்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் மைக்கை அணைத்து வைத்திருந்தார்.

எங்கள் குழு வரிசையாக வீசத் தொடங்கியது. அம்பாங் ஆன்டியின் புரோக்கோலி வலையில் விழுந்தது. ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவின் பாகற்காயும் வலைக்குத்தான் போனது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. விட்ட பொருள் எங்கே போனால் என்ன, எவருக்கும் அது வேண்டியதில்லையே. கோபத்தை விட வந்த அங்கிள், வீசுவதற்குப் பொருள் எதுவும் இல்லாததால், சும்மா கையை உதறினார். அந்த உதறலில் யாரோ அவர் முழங்கையை இடிக்க, சண்டை பிடித்துக்கொண்டது.

அப்பாவின் முறை வந்தது. டப்பாவிலிருந்து லைட்டரை மட்டும் நான் முதலிலேயே எடுத்துவிட்டிருந்தேன். எரிமலைக்குள் லைட்டரை வீசுவது எந்தப் பாரத்திலும் பச்சைக் கட்டத்தில் வராது. அப்பா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அம்மா பக்கத்தில் நின்று தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா டப்பாவை ஒருமுறை நெற்றியில் வைத்தார், பிறகு வீசினார்.

தகரம் வெயிலில் மின்னிக்கொண்டு போனது. கால்பந்துச் சட்டை போட்ட ஒருவர் கீழே இரண்டடி நகர்ந்து வலையை நீட்டினார். டப்பா அதில் போய் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்துத் திறந்து பார்த்தார். முட்டைக்கோஸ்களுக்கு நடுவே காலையிலிருந்து நின்றவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்களை அண்ணாந்து பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். சட்டையைத் தடவினார், நெருப்பு இல்லை. உடனே அப்பாவைப் பார்த்து, பெருவிரலால் லைட்டர் தட்டுவது மாதிரி சைகை செய்தார். புகைக்கிறவர்களுக்குள் மறுக்க முடியாத ஒரு மரியாதை இருக்கும் போலிருக்கிறது. அப்பாவின் கை தானாகவே பைக்குப் போய்த் தேடியது.

பிறகு அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். முதலில் அவர் முகத்தில் திகைப்புத்தான் இருந்தது. அது மெதுவாகத் தெளிந்து, பொதுவிடுமுறை அறிவித்ததைக் கேட்டவர் முகமாக மாறியது.

"வாங்கிக்கல" என்றார். "பாத்தில்ல? மலை வாங்கிக்கல."

அம்மா படியிறங்கினார்.

கடற்கரைக்குப் போகும் மினி பஸ்ஸில் அதுதான் பேச்சு. மலையின் வாய்க்குள் போய்ச் சேராத காணிக்கை செல்லுமா, செல்லாதா? அம்பாங் ஆன்டி செல்லும் என்றார். செல்லாது என்றால் அவருடைய புரோக்கோலியும் திரும்பி வந்துவிடும். செலாயாங் அங்கிள் மார்க்கெட் நியாயப்படி வழியில் போன சாமான் வந்து சேராத சாமான்தான் என்றார். அண்ணனைக் கேட்டார்கள். பேக்கேஜில் வீசுவது வரைக்கும்தான் அடங்கும், அதற்கு மேல் நடப்பதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் தூங்குவது போல் சாய்ந்துகொண்டார்.

கூடவே பஸ்ஸில் வந்த வழிகாட்டியிடம் நானே கேட்டு மொழிபெயர்த்தேன். கையை விட்டுப் போனால் கொடுத்தது கொடுத்ததுதான், யார் பிடித்தார்கள் என்பது எங்கள் கணக்கில் வராது என்றார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வழிகாட்டி நேர்மையான மனிதர். சிகரெட்டை யாரும் இதுவரை வீசியதில்லை, அதற்கு என்ன விதி என்று பூசாரியைத்தான் கேட்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். இரண்டாவது பாதியை மட்டும் அப்பா எடுத்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீ படிச்சவன். எழுதி ஒட்டுறவன். நீ சொல்லுடா. செல்லுமா, செல்லாதா?"

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. செல்லும் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அப்பாவின் நெஞ்சுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கம்பிக்குழாயை நினைத்தால் பொய்யாகவாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்வி என்னைக் காப்பாற்றவில்லை. கொடுப்பது ஒரு செயல், பெறுவது இன்னொரு செயல், இரண்டுக்கும் நடுவே உள்ள பொறுப்பு யாருடையது என்பதை இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். முதல் கோணம் முடிவதற்குள் பஸ்ஸைக் கழிப்பறைக்காக நிறுத்தினார்கள். எல்லோரும் நிம்மதியாக இறங்கினார்கள்.

அப்பா நேரே எதிரில் இருந்த பெட்டிக்கடைக்குப் போனார். பல்புக்குப் பதில் சிகரெட்டால் அலங்கரித்த கடை அது. நான் பின்னாலேயே ஓடினேன். அவர் வாங்கவில்லை. அடுக்கடுக்காக இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கை இரண்டையும் பின்னால் கட்டி நின்றார். தீர்ப்பு வராமல் அவர் தொடமாட்டார். செல்லாது என்று தீர்ந்துவிட்டால் அன்றைக்கே ஒரு பெட்டி முடியும், கிள்ளானுக்குத் திரும்பியதும் தூணுக்குப் பின்னால் ஒளியக்கூட மாட்டார். மலையே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த பொருளுக்கு எதற்கு ஒளிய வேண்டும்?

கடற்கரை அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மணல், இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் குறுகலான பாய்மரப் படகுகள், சாயங்கால வெயில். எங்கள் குழு புடவையோடும் கால்சட்டையோடும் கடலில் இறங்கி முழங்கால் ஆழத்தில் செல்பி எடுத்தது. அப்பா ஒரு தென்னைக்கு அடியில் தனியாக உட்கார்ந்து, ஈர மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். விரலுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தார். மலையிறங்கியதிலிருந்து வாயைத் திறக்காதவர், இன்றைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்பது போலச் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்.

"செமினிக்குச் சாமான் எடுத்துட்டுப் போறீங்கல்ல. அந்தக் கம்பெனி முதலாளி வந்துதான் வாங்கிக்குவாரா?"

"முதலாளி எதுக்கு வர்றாரு? அவரு மூஞ்சியவே நான் பார்த்ததில்ல."

"அப்ப யாருகிட்ட கொடுப்பீங்க?"

"கேட்ல ஒருத்தன் நிப்பான். அவன்கிட்ட இறக்கிட்டு, டெலிவரி பேப்பர்ல சைன் வாங்கிட்டு வந்துடுவேன்."

"அவன் அதுல ரெண்டு பெட்டிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"அது அவனுக்கும் முதலாளிக்கும் உள்ள கேஸ். சைன் வாங்கிட்டா டிரைவருக்கு என்ன வந்துச்சு? நம்ம வேலை..."

அப்பா நிறுத்திவிட்டார். கையிலிருந்த மணல் அப்படியே நின்றது.

"மலைக்குக் கேட்ல நின்னவன் அவன்" என்றார் அம்மா. "கட்டை விரலக் காட்டினானே. அது சைன் இல்லாம என்ன?"

என் வாழ்நாளில் நான் எழுதிய பாரங்கள் எல்லாவற்றையும் அந்தக் கடலில் விட்டிருக்கலாம். முப்பது வருடமாக அப்பா வீட்டுக்கு வந்து புலம்பிய வேலைக்கதையைச் சோறு போட்டுக்கொண்டே கேட்டவர் அம்மா. கேட்டதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அப்பா கையிலிருந்த மணலைக் கீழே கொட்டினார். ஓட்டுநர் தொழிலில் அந்த விதியை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. எத்தனை சூப்பர்வைசர்களிடம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். அதை இப்போது தானே எப்படி மறுப்பது? ஆனால் சுலபமாகத் தோற்கிற ஆளும் இல்லை.

"சரி. என் சாமான் போய்ச் சேர்ந்துருச்சு. உன் பாகற்காய்?"

"அதுவும் சேர்ந்துருச்சு."

"அது உன் சாமானே இல்லையே. நீ என்னிக்குப் பாகற்காய் தின்னே? எவனோ சாமானக் கொண்டுபோய் இறக்கிட்டு வந்திருக்கே. ராங் டெலிவரி. எங்க கம்பெனில ராங் டெலிவரின்னா மறுபடியும் போய் சரியான சாமான இறக்கணும்."

அம்மாவுக்கு அடி விழுந்த இடம் சரியான இடம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவருடைய நிஜமான சாமான் எது என்று மூன்று பேருக்கும் தெரியும்: கிளாஸின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கெட்டிப் பால் நிற்கும் தேத்தண்ணீர். காலையில் இரண்டு, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, யாராவது வந்தால் அவர்களுக்குத் துணையாக ஒன்று. அதற்கு நான் பாரம் எழுதத் துணிந்ததில்லை.

"மலை அங்க இருக்கு. இங்க வந்து கேட்டா நான் என்ன பண்றது?"

"கடல் இருக்குல்ல. இங்க விடு."

"கடல்ல விட்டா கரைக்குத் திரும்பி வந்துரும்னு பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் சொன்னாரு."

"வந்தா வரட்டும்" என்றார் அப்பா. "நீ எடுக்காம இருந்தா போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மலை வாங்கியதா, வலை வாங்கியதா என்று காலையிலிருந்து நடந்த வழக்கு அந்த வாக்கியத்தோடு முடிந்துபோனது, முடித்துவைத்தவர் அவரே. அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்பா எழுந்து போயிருப்பார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் நாலடி நடந்தார், கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்தார், ஒரு கை தண்ணீரை அள்ளி விட்டார். திரும்பி வரும்போது அவர் முகம் சாவு வீட்டிலிருந்து வருகிறவர் முகமாக இருந்தது.

மறுநாள் காலை உணவின்போது ஓட்டல்காரர்கள் எல்லோருக்கும் இனிப்புத் தேத்தண்ணீர் வைத்தார்கள். அம்மா வெந்நீர் கேட்டு வாங்கி, மருந்து குடிப்பது போலக் குடித்தார். அப்பா அதைக் கடைசிச் சொட்டு வரை கவனித்தார். மலையிறங்கியதிலிருந்து அவரும் சிகரெட்டைத் தொடவில்லை. ரொட்டியை மட்டும் மிகச் சிறிய துண்டுகளாகப் பிய்த்து அடுக்கி வைத்திருந்தார்.

அதன் பிறகு பவளப்பாறை பார்க்கப் படகில் போனோம். மூங்கில் கைப் படகு ஒன்றுக்கு மூன்று பேர்தான். அம்மா முன்னால், அப்பா நடுவில், நான் அப்பாவுக்கும் படகுக்காரருக்கும் இடையில். உயிர்காப்பு அங்கியை மூன்று பேருக்கும் நானே கட்டிவிட்டேன். கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் படகுக்காரர் கிராம்பு சிகரெட் பெட்டியை எடுத்து முதலில் அப்பாவிடம் நீட்டினார். 

"தாக்நாக், பாங்" என்றார் அப்பா. வேண்டாம் என்றதோடு நிற்கவில்லை. மலையிடம் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். படகுக்காரருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. மலைக்குக் கொடுத்தவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். தலையசைத்துவிட்டுத் தனக்கு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டார்.

காற்று பின்னாலிருந்து அடித்தது. கிராம்பு மணத்தோடு புகை என்னைத் தாண்டி அப்பாவின் முகத்துக்குப் போனது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் தூக்கினார். விளிம்பில் நின்று டப்பாவை நெற்றியில் வைத்தபோதுகூட அவர் அவ்வளவு பக்தியோடு இருக்கவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மாறி உக்காருங்க."

"எதுக்கு?" கண்ணைத் திறக்கவில்லை. "நான் போய் எடுக்கல. தானா வருது. வந்தா வரட்டும்."

 பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில், அடுத்தவர் விடும் புகையும் சிவப்புக் கட்டம்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மாவும் என்னிடம் கேட்கவில்லை. கடலையும் பாயையும் காற்று வரும் திசையையும் பார்த்தார். பிறகு எனக்கும் அப்பாவுக்கும் மேலாக எட்டி, படகுக்காரரிடம் தன் மலாயில் மிகப் பணிவாகக் கேட்டார்.

"பாங், போட் பூசிங் சிக்கிட், போலே?"

படகைக் கொஞ்சம் திருப்ப முடியுமா என்றுதான் கேட்டார். படகுக்காரருக்கென்ன, சிகரெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு துடுப்பை அழுத்தினார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் சரிந்தது. புகை அப்பாவின் முகத்தை விட்டு விலக, படகு மெல்ல மெல்லத் திரும்பியது. அது முழுவதும் திரும்பி முடியும் வரை அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை.